பேச்சில்லாத ஏழாவது படம்

மாப்ள,

இன்று காலை ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் சூடேறிய தூசியின் வாசம் கடை முழுக்கப் பரவியது. இந்த மைக்செட் கடையில் முப்பது வருடம் நாம் இருவரும் சுவாசித்த வாசம். நீ பின்னால் நிற்கிறாய் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன்.

இதை எழுதுவது நான்தான். சிரிக்காதே. மாலை வகுப்புக்குப் போக ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு வரி எழுதுவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் எழுதிய வரியை நானே திரும்பப் படிக்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, என் கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை. போன மாதம் வத்தலக்குண்டு பஸ்ஸின் போர்டைத் தனியாகப் படித்து ஏறினேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. போய்விட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

சனிக்கிழமை ஒரு வேலை வந்திருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், கல்யாண மண்டபத்தில் நடந்ததை எழுதிவிட வேண்டும். அதை நாம் இருவரும் கடைசிவரை முழுதாகப் பேசவே இல்லை.

அன்று நாம் ஓட்டியது பள்ளிக்கூடப் பிள்ளைகள் செல்போனில் எடுத்த குறும்படங்கள். நான் யார், எனக்கு ஏன் எங்கேயும் இடமில்லை என்று ஆளுக்கொரு படம். பகலிலேயே ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டித் திரையை இறக்கினோம். பாலசமுத்திரத்திலிருந்து வந்து சேர்ந்த பையன் ஒருவன், "ஏனுங்க சார்" என்று கொங்குப் பேச்சில் சொன்னதற்கு வகுப்பே சிரித்ததைப் படமாக எடுத்திருந்தான். மண்டபமும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று காலையில் எல்லாப் படங்களையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகு நீ என்னிடம் வந்தாய். "ஏழாவது படம் ஓடும்போது பிளக்குப் பக்கத்துல நில்லு மாப்ள. யாரு வந்தாலும் நகராத."

"பிள்ளைக ஒயர்ல தடுக்கி விழுந்துருமாக்கும்?"

"ஆமா, அதான்" என்றாய். ஏன் அப்படிச் சொன்னாய்?

ஒரு பெண்பிள்ளை எடுத்த அந்த ஏழாவது படத்தில் பேச்சே இல்லை. ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்து ஒயரை ஆட்டினேன். "ஒயரெல்லாம் நல்லாத்தான் இருக்கு, கம்முன்னு நில்லு" என்று நீ அதட்டினாய். திரையில் புதுவீடு புகும் பத்திரிகை ஒன்று. அதிலிருந்த பெயர்களின்மேல் ஒரு விரல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. நடுநடுவே கறுப்பில் வெள்ளை எழுத்து. எனக்கு அது வெறும் கோடு. அதனால் நான் திரையை விட்டுவிட்டு சனத்தின் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு முறை எழுத்து வரும்போதும் முகங்கள் இறுகின. ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். முன்வரிசையில் அந்தப் பிள்ளையின் பெரியப்பா மட்டும் அசையவில்லை. தாய் தகப்பன் இல்லாத அவளை வளர்ப்பவர். வடமதுரைப் பக்கம் நமக்குப் பாதி விசேஷங்களைப் பிடித்துக் கொடுப்பவரும் அவர்தான்.

மெதுவாக எழுந்து என் பக்கம் வந்தார். சத்தமே போடவில்லை. "பெருசு, ஒயர் கருகுது பாரு. புடுங்கு."

புடுங்கிவிட்டேன். இருபது வருடமாக அவர் சொன்னதைச் செய்தே பழகிய கை அது.

திரை அணைந்தது. இருட்டில் உன் குரல்தான் கேட்டது. கரண்ட் போனாலும் நம் மைக் பேட்டரியில் ஓடும் என்பது அவருக்குத் தெரியாது. "அலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்றாய், கோயில் விழாவில் சொல்வது போலவே. பிறகு லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த படத்தைப் பார்த்துப் படித்தாய்.

"இந்த வீட்டில் எல்லோர் பெயரும் பத்திரிகையில் இருக்கிறது. என் பெயர் இல்லை. அடுத்த பத்திரிகையில் என் பெயர் வரும். மாப்பிள்ளைக்கு வயது முப்பத்தொன்று. எனக்குப் பதினாறு."

பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

மறுநாளே அதிகாரிகள் வந்தார்கள். கல்யாணம் நின்றது, பிள்ளை ஹாஸ்டலுக்குப் போனாள். அந்த வாரமே பெரியப்பா நம் கடைக்கு வந்து உட்கார்ந்து, நான் வாங்கிக் கொடுத்த டீயை நிதானமாகக் குடித்தார். "சாமானையெல்லாம் பத்திரமா வச்சுக்கங்க. விலை ஒசந்ததுல்ல" என்றார். அவர் வந்து போன ஒன்பதாம் நாள் காலை கடையைத் திறந்தோம். பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே ஒவ்வொரு ஸ்பீக்கரின் நடுவிலும் ஒரே அளவில் ஒரு கத்திக் கீறல். நீ விரலை வைத்து அளந்து பார்த்தாய். "நேர்த்தியான கை" என்றாய். அதன்பிறகு யாரும் நம்மைக் கூப்பிடவில்லை.

ஐப்பசி மழையில், பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சிரைக்கப் படுத்திருந்தபோது, நான் கேட்காமலே சொன்னாய்: "காலையிலயே ஒனக்குப் படிச்சுக் காட்டியிருக்கணும்டா. நீ பயந்துருவன்னு நெனச்சேன்." பயந்திருப்பேன். ஆனால் புடுங்கியிருக்க மாட்டேன். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டாள். உன் காரியம் முடிந்த அடுத்த வாரமே நான் சிலேட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை அதே மண்டபத்தில் அந்தப் பிள்ளையின் புதுப்படம். அவளுக்குப் பதினெட்டு ஆக இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதற்குள் அவளை வீட்டுக்கு அழைத்துப் போக ஹாஸ்டலுக்குப் பெரியப்பாவின் ஆள் வருகிறது, போகிறது. முன்வரிசை முழுவதையும் பெரியப்பா பிடித்துவிட்டாராம். இரண்டு நாளாக எதிர்க்கடை ஓரத்தில் ஒரு பைக் நிற்கிறது. நம்பரை எழுதி வைத்திருக்கிறேன், ஆமாம், நானே.

இந்தப் படத்திலும் பேச்சில்லை. பின்வரிசையில் அன்றைய என்னைப் போல எழுதப் படிக்கத் தெரியாத சனம் இருக்கும், நான் மைக்கில் படிக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். "நீங்க மெதுவாத்தான படிப்பீங்க தாத்தா" என்று, எனக்காக ஒவ்வொரு வரியையும் திரையில் கூடுதல் நேரம் நிற்க வைத்திருக்கிறாள்.

"அம்புட்டு நேரம் நின்னா முன்வரிசைக்காரங்க எந்திரிச்சு வந்துருவாங்கம்மா."

"வரட்டும் தாத்தா. நீங்க படிங்க."