சாவு வீட்டு முறைத்தண்ணீர்

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இன்று காலை ஓடைத் தலைப்பில் டீசல் நாற்றம். உன் டேங்கர் லாரிதான். நீ செத்துப்போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை.

கூக்கால் ஊரில் நம் இருவர் பூண்டு வயலுக்கும் ஒரே வாய்க்கால், ஆளுக்கொரு முறை. சாவு விழுந்த வீட்டின் முறைத்தண்ணீரைப் பக்கத்து வயல்காரன் அந்த வீட்டு வயலுக்கே பாய்ச்சிவிட வேண்டும். மதுரைக்குப் போய்ப் படித்ததால் அதை நாம் மறந்துவிடவில்லை.

என் அப்பா இறந்தபோது முறை பார்க்கும் பொறுப்பு உன்னிடம் இருந்தது. பூண்டு திரளும் நேரம். மாலை போட்டாய், பாடைக்குத் தோள் கொடுத்தாய், அழவும் செய்தாய். அதே நேரத்தில் எங்கள் தண்ணீர் மேட்டிலிருக்கும் உன் கெஸ்ட் ஹவுஸுக்கு லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. காரியம் முடிந்து வயலுக்குப் போனால் பூண்டுத்தாள் பழுத்துச் சுருண்டு கிடந்தது.

மொட்டைத் தலையோடு வந்து கேட்டேன்.

“ஏலே, கோவிச்சுக்காத. சீசன், சங்கம், வீடு… ஐ ஆம் ஜக்ளிங் டூ மெனி பால்ஸ்டா. ஒண்ணு ரெண்டு கீழ விழத்தான் செய்யும்.”

“எங்கப்பனும் ஒரு பந்தாடா?”

“நல்லாப் பேசுற. காபி குடிக்கிறியா?”

வித்தைக்காரன் தன் பந்தைத்தான் வீசிப் பிடிப்பான். நீ கீழே போட்டதெல்லாம் அடுத்தவனுடையது. உன் இரங்கல் கூட்டத்தில் ஒருவர், எதையும் தவறவிடாமல் எல்லாவற்றையும் சமாளித்த மனிதர் என்று உன்னைப் புகழ்ந்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஹாஸ்டலில் எனக்கு அம்மை போட்டபோது, எல்லாரும் ஓடிய பிறகும் பக்கத்திலேயே இருந்தவன் நீ. அதுதான் இன்னும் அசிங்கமாக இருக்கிறது. செய்யத் தெரியாதவனில்லை நீ.

இன்று உன் வீட்டு முறை. லாரிக்குப் பக்கத்தில் உன் மகன் நின்றான்.

“கெஸ்ட் ஹவுஸ் ஃபுல்லுங்க சித்தப்பா. அப்பா சொல்ற மாதிரி ஜக்ளிங்தான்.”

“உங்கப்பன் வயலு காயுதேப்பா.”

“எழவு வீட்டு வயலு. யாரு பாக்கப் போறாங்க?”

உன் குரலேதான். குழாயை இழுத்து எறிந்துவிட்டு, மண்வெட்டியால் மடையைத் திறந்து உன் வயலுக்குத் தண்ணீரை விட்டேன். கடைசிப் பாத்தி நனையும்வரை வரப்பில் நின்றேன். லாரி காலியாகத் திரும்பியது. உன் மேல் உள்ள பாசத்தில் செய்தேன் என்று எண்ணாதே. நானும் உன்னைப் போல ஒருவனாகிவிடுவேனோ என்ற அருவருப்பு. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

உறையில் உன் பெயரையும் நீ குடியிருந்த அட்டுவம்பட்டி வீட்டு விலாசத்தையும் எழுதிவிட்டேன். உன் மகன் பிரிப்பான். யார் எழுதியது என்று அவனுக்குத் தெரியும். ‘இப்படிக்கு, உன் நண்பன்’ என்று எழுதக் கை வரவில்லை. வேறு எதையும் எழுதவும் முடியவில்லை. கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.