குருவியின் காதில் சொல்லும் வார்த்தை

ஜூன் 9, செவ்வாய்

முடி வெட்டிக்கொள்ளப் போனேன். கத்தரியை எடுக்கும் முன்பே சலூன்காரர் கேட்கிறார்: "என்ன பெரியவரே, குருவிக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா?"

குருவி என் பேத்தி. எட்டு வயது. அது வீட்டுக்குள் நாங்கள் கூப்பிடும் பெயர். இந்த மனிதர் அவளை நேரில் பார்த்ததே கிடையாது. "உமக்கு எப்படிய்யா தெரியும்?" என்றேன். போனை நீட்டினார். வாயில் தெர்மாமீட்டரோடு, கண் சொருகி, என் பேத்தி. பின்னாலிருந்து என் மகன் குரல், ஏலம் போடுகிறவன் மாதிரி.

வீட்டில் நான் வாயைத் திறந்தால் எல்லாருக்கும் திடீரென்று வேலை வந்துவிடுகிறது. அதனால்தான் இதில் பேசுகிறேன். எனக்கு எழுத்து தெரியாது. மைக் படத்தை அழுத்திப் பேசினால் போனே எழுதிக்கொள்கிறது. என்ன எழுதுகிறதோ, அது அதன் பாடு.

ஜூன் 11, வியாழன்

கேட்டுவிட்டேன். மகன் ஏசி மெக்கானிக். கைவேலை தெரிந்தவன், நாலு பேர் தேடி வந்து கூப்பிடுகிற பிள்ளை. வேலை போக மீதி நேரமெல்லாம் வீட்டில் நடப்பதைப் படம் பிடித்து ஊருக்கே போடுகிற இந்த வீடியோதான்.

"காய்ச்சல்ல கெடக்குற புள்ள முன்னாடி எதுக்குடா போனைப் புடிக்கிற?"

"எத்தனை பேர் அன்பா விசாரிக்கிறாங்க தெரியுமாப்பா?"

"யாருடா அவங்க? ஒருத்தன் பேரு சொல்லு."

"உங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா" என்று எழுந்து போய்விட்டான்.

எனக்கா புரியாது? பத்து வயது வரை படுக்கையை நனைத்தவன் இவன். தெரு விழிக்கும் முன் விரிப்பை அலசிக் காயப்போட்டவன் நான். யாராவது கேட்டால், தண்ணீர்ச் செம்பு கவிழ்ந்துவிட்டது என்பேன். போய்ச் சேர்ந்த இவன் அம்மாவையும் என்னையும் தவிர இன்றுவரை ஓர் உயிருக்குத் தெரியாது. நான் மூடி வைத்தேன், இவன் தலை நிமிர்ந்து நடக்கிறான். இவன் மகளுக்கு யார் மூடி வைப்பது?

ஜூன் 12, வெள்ளி

கணக்கில் மதிப்பெண் குறைந்ததற்குக் குருவி அழுதாள். வீடியோவுக்கு வெளிச்சம் போதவில்லை என்று மகன் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து இன்னொரு முறை அழச் சொன்னான். அழுதாள்.

ஜூன் 16, செவ்வாய்

பள்ளி விட்டு அவளைக் கூட்டிவரும் வழியில், மருந்துக்கடை வாசலில் ஒருவன். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு.

"ஹேய் குருவி! விழுந்த பல்லு முளைச்சிடுச்சா? எங்க, காட்டு."

இவள் நின்று, வாயைத் திறந்து காட்டுகிறாள்! எவனோ ஒருவனுக்கு!

"யாரு தம்பி நீ?"

"உங்க வீட்டு வீடியோ ஒண்ணு விடமாட்டேன் தாத்தா. நீங்ககூட சோபாவுல தூங்கிட்டே இருப்பீங்களே!"

சிரித்துவிட்டுப் போய்விட்டான். நல்லவனா கெட்டவனா? இத்தனை வயசான எனக்கே தெரியவில்லை. எட்டு வயசுக்கு எப்படித் தெரியும்?

"அந்த மாமாவை உனக்கு முன்னாடியே தெரியுமா கண்ணு?"

"தெரியாது தாத்தா. ஆனா அவருக்கு என்னைத் தெரியுதே."

வீடு வந்து சேரும்வரை அவள் கையை நான் விடவில்லை.

ஜூன் 17, புதன்

மருமகளிடம் சொன்னேன். மருத்துவமனையில் நர்ஸ் அவள், டியூட்டி மாறி மாறி வரும். பாதி வீடியோ அவளுக்கே தெரியாது. முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, ஒண்ணு செய்வோம்" என்றாள். இனிப் பள்ளியிலிருந்து கூட்டிவர யார் போனாலும், தாத்தாவே ஆனாலும், குருவியின் காதில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாதவரோடு அவள் வரமாட்டாள். பள்ளி வாசலில் காவலுக்கு இருக்கும் அம்மாவிடமும் பேசிவிட்டாள். வார்த்தையைக் குருவியே தேர்ந்தெடுத்தாள். அது என்ன என்று இந்தப் போனிடம்கூடச் சொல்லமாட்டேன்.

மகனும் தலையாட்டினான். "சூப்பர் ஐடியா" என்றான். அந்த சூப்பர் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 20, சனி

பாவி. பாவி.

முட்டைக்கடை அம்மா பையை நீட்டிக்கொண்டே, "பெரியவரே, பூசணிக் கப்பல்!" என்று சொல்லிச் சிரிக்கிறார். எங்கள் வார்த்தை. முட்டைக்கடையில்!

உங்கள் குழந்தையைப் பாதுகாப்பது எப்படி என்று ஒரு வீடியோ போட்டிருக்கிறான். பாதுகாப்பாம்! அதில் குருவியை விட்டே வார்த்தையைச் சொல்லவைத்திருக்கிறான்.

"அந்த இடத்துல பீப் போட்டேனேப்பா!"

சத்தத்துக்குப் பீப் போட்டான். கீழே, அவள் பேசப் பேச, எழுத்து ஓடியிருக்கிறது. இந்தப் போன் நான் பேசுவதை எழுதிக்கொள்கிறதே, அதேபோல. முட்டைக்கடை அம்மா படித்தது அதைத்தான்.

"எழுத்து தெரியாதவன் நானாடா, நீயாடா?"

"கத்தாதீங்கப்பா, பக்கத்து வீட்ல கேக்கும்."

"கேக்கட்டுமே! நானும் ஒரு வீடியோ போடறேன். எத்தனை வயசு வரைக்கும் நீ படுக்கையில..."

ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினான்.

"சாத்துடா. நல்லா இறுக்கிச் சாத்து. அவளுக்குச் சாத்திக்க ஒரு ஜன்னல் விட்டு வெச்சியா நீ?"

திரும்பினால், குருவி கதவோரம் நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

மருமகள் வந்து அந்த வீடியோவை அழிக்கவைத்தாள். பார்த்தவன் கண்ணிலிருந்து எப்படி அழிப்பது?

ஜூன் 21, ஞாயிறு

புது வார்த்தை வேண்டுமே. குருவி ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். அம்மா காதில் சொன்னாள். என் காதில் சொன்னாள். மகன் குனிந்து காதைக் கொடுத்தான். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"அப்பாவுக்கு மாட்டேன்."

"ஏன்டா செல்லம்?"

"நீங்க எல்லாருக்கும் சொல்லிடுவீங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. வெளியே வெயில் அடிக்கிறது என்கிற மாதிரி சொன்னாள். மகன் சிரித்துப் பார்த்தான். யாரும் கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை.

ஜூன் 24, புதன்

எனக்கு முழங்கால் வீக்கம். மருமகளுக்குப் பகல் டியூட்டி. மகன்தான் பள்ளிக்குப் போனான். தனியாகத் திரும்பி வந்தான்.

வாசல் அம்மா தடுத்திருக்கிறார். "வார்த்தை தெரியுமா சார்?"

"நான் அவ அப்பாங்க."

"தெரியாமயா சார்? தினமும் போன்ல பாக்குறேனே. வார்த்தையை அவ காதுல சொல்லுங்க."

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் குருவி பையை மாட்டிக்கொண்டு இவனையே பார்த்தபடி நின்றாளாம். ஓர் அடி முன்னால் வைக்கவில்லை. மற்றவர்கள் வேடிக்கை பார்க்க, எவனோ போனைத் தூக்கிப் படம் பிடித்தானாம்.

"எடுக்காதீங்கன்னு கத்தினேன்பா. கேக்கவே இல்ல."

வண்டி பிடித்து, காலை இழுத்துக்கொண்டு நான் போய்க் கூட்டிவந்தேன். பிறகு இவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அது என்ன வார்த்தைப்பா?"

"அவ எனக்குச் சொன்னது எனக்கு. உனக்கு வேணும்னா அவகிட்ட கேளு."

மனசு இளகத்தான் பார்த்தது. இளகவிடவில்லை நான்.

ஜூன் 28, ஞாயிறு

நான் சோபாவில் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். மகன் தன் போனைக் குருவியின் கையில் கொடுத்திருந்தான். ஒவ்வொரு வீடியோவாகத் தள்ளுகிறார்கள்.

"இது இருக்கட்டுமா?"

"வேணாம்."

காய்ச்சல், வேணாம். பல் விழுந்தது, வேணாம். அழுதது — அதற்கு வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவள் வேண்டாம் என்றதையெல்லாம் அவன் அழித்தான்.

"பூனை தூங்குறது இருக்கட்டும்பா. அதுல நான் இல்ல."

மகன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வார்த்தை என்ன என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஜூலை 6, திங்கள்

முழங்கால் இன்னும் சரியாகவில்லை. இன்று குருவியைப் பள்ளியிலிருந்து அவள் அப்பா கூட்டிவந்தான்.