நாலாவது பெட்டி

கேஸ்பர், வயோமிங்
ஜனவரி 11, 2021

லைலுக்கு,

நலம்தானே? முட்டி வலி எப்படி இருக்கிறது? பன்னிரண்டு வருஷம் கழித்து இவள் எதற்கு எழுதுகிறாள் என்று புருவத்தைத் தூக்குவாய். தூக்கிக்கொள். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன், எனக்குத் தோட்டா வேண்டும்.

இந்த ஊரில் ஒரு கடையிலும் இல்லை. நோய் வந்தது, தேர்தல் வந்தது, ஆளாளுக்குப் பயந்துபோய் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமை சரக்கு வருகிறது என்று காலை ஆறு மணிக்கே பல் கிட்டித்துப்போகிற குளிரில் வரிசையில் நிற்கிறேன். போன வாரம் எனக்கு முன்னால் நின்ற ஆள் கடைசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். அவனிடம் துப்பாக்கியே இல்லையாம். "இருக்கட்டுமேன்னு வாங்கினேன்" என்கிறான். அவனை அங்கேயே நாலு அறை விட்டிருப்பேன், முகக்கவசம் போட்டிருந்ததால் எந்த வீட்டுப் பிள்ளையென்று தெரியவில்லை.

மே எட்டாம் தேதி டக்ளஸில் மாநில ரிவால்வர் போட்டி. எனக்கு அறுபத்து மூன்று ஆகிறது. டாக்டர் என் வலது மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த வருஷத்தோட போதும்மா" என்று சொல்லிவிட்டார். இரண்டு தடவை இரண்டாவதாக வந்தவள் நான். இதுதான் கடைசி. கையில் இருப்பதோ எண்பத்தேழு தோட்டா, பயிற்சிக்கே காணாது. உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் நடந்து நடந்து தரைவிரிப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

நம் விவாகரத்தில் நீதிபதி ரிவால்வரை எனக்கும், தோட்டா கட்டுகிற பிரஸ்ஸை உனக்கும் கொடுத்தார். அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சுட்டு முடித்த வெற்றுப் பித்தளைக் கூடுகள் அறுநூறு கழுவி வைத்திருக்கிறேன். அதில் எனக்குக் கட்டித் தர முடியுமா? முடியாதென்றால் முடியாது என்று எழுது. போனில் கூப்பிட மாட்டேன், பயப்படாதே. உன் மேஜை விதி எனக்கு மறக்கவில்லை. என் இடது காலில் இல்லாத இரண்டு விரலும் மறக்கவில்லை.

க்ளெண்டா


லஸ்க்
ஜனவரி 19, 2021

க்ளெண்டாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டி அப்படியேதான் இருக்கிறது.

அடுத்தவர் கட்டிய தோட்டாவைச் சுடாதே என்று நாற்பது வருஷமாக நான் ஊருக்கெல்லாம் சொல்லி வருகிறேன். எங்கள் கிளப்பில் அப்பன் கட்டியதை மகன் சுட மாட்டான். ஒரு கூட்டில் வெடிமருந்து விழாமல் போனால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் கையிலேயே வெடிக்கும். இதெல்லாம் உனக்குத் தெரியும். உன் கையை என்னை நம்பிக் கொடுக்கிறாயா என்று நன்றாக யோசித்துக்கொள்.

யோசித்தாகிவிட்டது என்றால் கூடுகளை டர்க்கிடம் கொடுத்தனுப்பு. மாட்டுத் தீவன லாரி ஓட்டுகிறானே, என் மாமா மகன், அவன்தான். வாராவாரம் கேஸ்பர் வருகிறான். தோட்டாவைத் தபாலில் போடக்கூடாது.

ஈயம் உருக்கிக் குண்டை நானே வார்த்துக்கொள்வேன். மருந்தும் இருக்கிறது. அடியில் பொருத்துகிற பொட்டு, பிரைமர், அதுதான் எங்கும் கிடைக்கவில்லை. அதை வீட்டில் செய்ய முடியாது. அலமாரியைக் கிளறியதில் ஐந்நூறு சொச்சம் அகப்பட்டது. 2009-இல் உன் போட்டிக்கென்று வாங்கிப் பிரிக்காமலே வைத்தது. ஐந்நூறு கட்டித் தருகிறேன். காசு வேண்டாம், விற்க எனக்கு உரிமம் கிடையாது. சோக்செர்ரிப் பழ ஜாம் இன்னும் போடுகிறாயா?

பெட்டிக்கு ஐம்பது. ஒவ்வொரு மூடியிலும் பெட்டி எண், தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம் எழுதியிருப்பேன். அதைக் கிழிக்காதே.

லைல்


கேஸ்பர்
மார்ச் 18, 2021

அன்புள்ள லைல்,

மூன்று பெட்டியும் பத்திரமாக வந்து சேர்ந்தது. முதல் பெட்டியைச் சுட்டுப் பார்த்தேன். இருபத்தைந்து கஜத்தில் பத்துக் குண்டும் ஒரே ஓட்டையில் போன மாதிரி இருந்தது. உன் கைக்குச் சர்க்கரைதான் போட வேண்டும். ஜாம் நாலு பாட்டில் அனுப்புகிறேன். டர்க் என்ன சொன்னான் தெரியுமா? "ஏன்க்கா, ஊரே போன்ல பேசுது. நீங்க ரெண்டு பேரும் மட்டும் என்னையத் தபால்காரனா ஆக்கிட்டீங்களே, நான் மாட்டுக்குத் தீவனம் போடவா வேண்டாமா?" என்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்ததற்குக் கோபமா? கூப்பிட மாட்டேன் என்று எழுதிவிட்டு நானேதான் கூப்பிட்டேன். கதவைத் திறக்க முடியாத அளவுக்குப் பனி. அடைபட்டுக் கிடந்ததில் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. நீ எடுக்க மாட்டாய் என்ற தைரியத்தில்தான் அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாய்! ஹலோ கிடையாது, ஒன்றும் கிடையாது.

"எங்க இருக்க? வண்டியிலயா?" என்று ஒரே கத்தல்.

"வீட்லதான் இருக்கேன். எத்தனை கட்டியிருக்கே?"

"நூத்தி எழுபது சொச்சம். வீட்லதானே? நிஜமா?"

"ஆமாய்யா, நிஜமா."

டொக்கென்று வைத்துவிட்டாய். நீ எடுக்கும்போதே பின்னால் என்னவோ கலகலவென்று கொட்டி உருண்டது. சமையலறையில் ஸ்பூன் டப்பாவைத் தட்டிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அழுதேன். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், சொல்கிறேன். 2009-இல் இதே மாதிரிப் பனியில் வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து, பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு உன்னைப் பதினோரு தடவை கூப்பிட்டேன். நீ கொட்டகையில் என் போட்டிக்குத் தோட்டா கட்டிக்கொண்டிருந்தாய், போன் சமையலறையில் கிடந்தது. கடைசியில் பனி வாருகிற வண்டிக்காரர்தான் பெல்ட்டை அறுத்து என்னை எடுத்தார். ஆஸ்பத்திரிக்கு வந்து நீ சொன்னது என்ன? "மேஜையில உக்காந்தா போன் கிடையாது, க்ளெண்டா. விதின்னா விதிதான்." நான் வீட்டை விட்டுப் போனது அந்த வார்த்தைக்காக. பனியில் விறைத்து விரல் போனதற்காக இல்லை.

இந்தத் தடவை சமையலறையில் இருந்ததால் எடுத்தாயாக்கும். என் அதிர்ஷ்டம்.

க்ளெண்டா


லஸ்க்
மார்ச் 26, 2021

க்ளெண்டாவுக்கு,

நாலிலிருந்து ஏழு வரை அனுப்பியிருக்கிறேன். மீதி மூன்றும் ஏப்ரலில் வரும். ஏழாவது பெட்டியை இரண்டு தடவை எடை போட்டேன். ஏனென்று தெரியவில்லை, மனம் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. கொட்டகைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

உன் வண்டியின் முன்சக்கரம் இரண்டும் மொட்டையாக இருக்கிறது என்று டர்க் சொன்னான். மாற்று. இந்த வாரமே மாற்று.

ஜாமில் இரண்டு பாட்டில் முடிந்துவிட்டது. போன் விஷயமாக எழுத ஒன்றுமில்லை.

லைல்


கேஸ்பர்
மே 10, 2021

லைல்,

உயிரோடு இருக்கிறேன். இரண்டு கையும் இருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு மேல் எழுதப்போவது எதுவும் நன்றாக இருக்காது.

சனிக்கிழமை நிதானச் சுற்றில் நான்தான் முதலிடம். அடுத்த சுற்றிலும் நான்தான். கடைசியாக வேகச் சுற்று, பத்து விநாடியில் ஐந்து குண்டு. முதல் இரண்டும் நடு வட்டத்தில். மூன்றாவது வெடிக்கவில்லை, 'பொத்' என்றது, பாட்டிலில் கார்க்கைப் பிடுங்கின மாதிரி. என் விரல் நாலாவதற்குப் பாதி இழுத்துவிட்டது, லைல்! பாதி! முப்பது வருஷப் பழக்கம், அது தானாகவே இழுக்கும். எது நிறுத்தியதோ தெரியாது. ரிவால்வரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன். நடுவர் குழலுக்குள் கம்பியை விட்டுப் பார்த்தார். வாய்க்கு ஒரு விரற்கடை உள்ளே உன் குண்டு உட்கார்ந்திருக்கிறது.

போட்டி அதோடு போயிற்று. கடைசிப் போட்டி.

"யாரு கட்டின தோட்டா இது?" என்று நடுவர் எல்லார் முன்னாலும் கேட்டார். "நான்தான் கட்டினேன்" என்றேன். "உங்களுக்குமா இப்படி? வயசாயிடுச்சு போல" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். உன் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்று கேட்காதே, அதற்காகவே என் மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

விதி விதி என்று தலைகீழாக நின்றாயே, அந்த விதிக்காக என்னைப் பனியில் தொங்கவிட்டாயே, அது எங்கே போயிற்று? குடித்திருந்தாயா? ரேடியோவில் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தாயா? எனக்குப் பதில் வேண்டும். அந்தத் தோட்டா நாலாம் எண் பெட்டியில் இருந்தது.

க்ளெண்டா


லஸ்க்
மே 14, 2021

க்ளெண்டா,

இரண்டு கையும் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். மற்றதைப் படிக்க வெகுநேரம் ஆயிற்று.

தப்பு என்னுடையது. ஐம்பது கூட்டையும் தட்டில் நிறுத்தி, மருந்து ஊற்றிவிட்டு, விளக்கடித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். நாலாம் பெட்டிக்குப் பாதியில் எழுந்தேன். தட்டு சரிந்து சில கூடுகள் உருண்டன. மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. உருண்டதைப் பொறுக்கி வைத்து, விட்ட இடம் இதுதான் என்று நினைத்து அங்கிருந்து தொடர்ந்தேன். அதில் ஒன்று வெறுமையாகப் போயிருக்கிறது. குடிக்கவில்லை. ரேடியோ இல்லை. ஏன் எழுந்தேன் என்பதை எழுத மாட்டேன். காரணம் சொல்வதால் தப்பு குறையாது.

மிச்சமிருப்பதில் ஒன்றைக்கூடச் சுடாதே, எந்தப் பெட்டியானாலும் சரி. டர்க்கிடம் கொடுத்தனுப்பு. குண்டு பிடுங்கும் சுத்தியல் இருக்கிறது. ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்து மருந்தை எடுத்துவிடுகிறேன். பிரஸ்ஸை 22-ஆம் தேதி சனிக்கிழமை மதியம் இங்கே நடக்கும் ஏலத்தில் போடுகிறேன். இனி யாருக்கும் கட்ட மாட்டேன், எனக்கும்தான்.

உன் போட்டி போனதற்கு மன்னித்துவிடு. 2009-க்கும் சேர்த்துக் கேட்கிறேன். ஆஸ்பத்திரியிலேயே கேட்டிருக்க வேண்டும். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

லைல்


கேஸ்பர்
மே 18, 2021

என் அன்புள்ள லைல்,

கிழிக்காதே என்று சொன்னாயே, அந்த மூடியை இன்றைக்குத்தான் படித்தேன். "பெட்டி 4. மார்ச் 14, ஞாயிறு. தொடக்கம் 1.40. முடிவு 3.05."

போன் பில்லைத் தேடி எடுத்தேன். நான் உன்னைக் கூப்பிட்டது அதே ஞாயிறு, இரண்டு மணி இருபது.

ஸ்பூன் இல்லை. உருண்டது என் பித்தளைக் கூடுகள்.

தீவனம் இறக்க வந்த டர்க்கைப் பிடித்து நிறுத்தினேன். "அவரு போனு எங்கடா இருக்கும்?" என்றேன். "ஏன்க்கா, கொட்டகையிலதான். பிரஸ்ஸுக்குப் பக்கத்துல ஆணி அடிச்சு மாட்டி வெச்சிருக்காரு. நீங்க வீட்டை விட்டுப் போனதுல இருந்தே அங்கதான். பனி பெய்ஞ்சா எடுத்து எடுத்துப் பாப்பாரு. யாரும் கூப்பிடத்தான் மாட்டாங்க" என்றான்.

அடப்பாவி மனுஷா! பன்னிரண்டு வருஷம்! நான் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லையே. ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? சமையலறையில் இருந்ததால் எடுத்தாய் என்று நான் குத்தலாக எழுதியபோதாவது சொல்லியிருக்கக் கூடாதா? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்?

போட்டி போனது வலிக்கிறது. வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நடுவர் தட்டி எடுத்துக் கொடுத்த அந்தக் குண்டைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். காலையிலிருந்து நாலு தடவை எடுத்துப் பார்த்தாயிற்று.

பிரஸ்ஸை ஏலத்தில் போடாதே. போட்டால் நானே வந்து கேட்டு எடுத்து, திரும்ப உன் மேஜையில் கொண்டுவந்து வைப்பேன், ஊர் சிரிக்கும். சனிக்கிழமை காலையிலேயே கிளம்பி வருகிறேன். மிச்சம் நூற்று அறுபத்து மூன்று தோட்டா இருக்கிறது. டர்க்கிடம் கொடுக்கவில்லை, நானே கொண்டுவருகிறேன். முன்சக்கரம் இரண்டும் புதிது, பனியும் இல்லை, வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டிருக்காதே.

சுத்தியலை எடுத்து வை. இரண்டு நாற்காலி போடு. கட்டும்போதுதானே பேசக்கூடாது? பிரிக்கும்போது பேசலாம் இல்லையா?

க்ளெண்டா