உனக்கென்று எடுத்து வைத்தது

ஜனவரி 9

அன்புள்ள அம்மா,

போனில் பேச்சு ஓடவில்லை, கடிதமே எழுது என்றாய். எழுதுகிறேன்.

இந்த வருடம் பாடம் மட்டும் போதாது. நிஜ ஆட்களுக்கே மனநல ஆலோசனை தந்து பழக வேண்டும். நேற்று எனக்கு முதல் ஆள், மனைவியை இழந்த ஒரு தையல்காரர். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பேராசிரியை கவனித்துக்கொண்டிருந்தார். மனுஷன் அழ ஆரம்பித்ததும் பதறிப்போய் ஏதேதோ ஆறுதல் சொன்னேன்.

"அவர அழவாவது விட்டிருக்கலாமேம்மா," என்றார் பேராசிரியை பிறகு.

அறைக்கு வந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே வாய்விட்டுப் பேச ஒரு ஆளில்லை. அப்பா இறந்த பிறகு நீ எப்படி இருக்கிறாய்?

உன் சின்னு


ஜனவரி 24

என் செல்லத்துக்கு,

வேளைக்குச் சாப்பிடு. எனக்கு இன்னும் ஒரு ஆளுக்குச் சமைக்கக் கை பழகவில்லை. மிச்சத்தை மறுநாளும் தின்று தீர்க்கிறேன்.

அந்தத் தையல்காரரை உட்கார வைத்த மாதிரி என்னையும் ஒரு நாள் உட்கார வைப்பாயா? அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். உன் கல்லூரிக்கே வருகிறேன்.

அம்மா


பிப்ரவரி 6

அன்புள்ள அம்மா,

சொந்தக்காரர்களுக்கு நாங்கள் ஆலோசனை தரக் கூடாது. அது விதி. உன் ஊரிலேயே என்னைப் போன்ற மாணவர்கள் ஆலோசனை தரும் ஒரு பயிற்சி மையம் இருக்கிறது, முகவரி கீழே. அவசியம் போ. எனக்குப் பரீட்சை நெருங்குகிறது.

சின்னு


மார்ச் 2

சின்னு,

போய்விட்டு வந்தேன். ஆலோசனை தர உட்கார்ந்தவள் உன் வயசுப் பெண்தான். பாவம், பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நானும் அப்பாவும் கடைசி வருடங்களில் ஏன் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை என்று சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"பிள்ளைங்க இருக்காங்களாம்மா?"

"ஒரு பொண்ணு. அவளும் இதுதான் படிக்கிறா. நல்லாக் கேப்பா, அடுத்தவங்க சொல்றத."

சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

அம்மா


மார்ச் 10

அம்மா,

நீங்கள் பேசிக்கொள்ளவில்லையா? ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லையே. நீ மகளைக் கூப்பிட்டாய், நான் விதியைச் சொன்னேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வருகிறேன். பரீட்சை கிடக்கட்டும். என்ன நடந்ததென்று என்னிடமும் சொல்.

உன் சின்னு


மார்ச் 14

என் கண்ணுக்கு,

வா. பக்கத்தில் படுத்துக்கொள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். அதை மட்டும் கேட்காதே. ஒரு தடவை சொல்லத்தான் எனக்குத் தெம்பு இருந்தது. உனக்கென்று எடுத்து வைத்திருந்ததைத்தான் அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அம்மா