இரண்டு நிலத்துக்கும் நடுவே

நியேரி,
மழை தொடங்கிய வாரம்.

அன்புள்ள பெரியண்ணாவுக்கு,

கத்தோனி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். தோஹாவில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் உடனே பதில் சொல்லிவிடுவாய். நீ யோசிக்க வேண்டும். அதனால் கடிதம்.

நம் நிலத்தை மூன்றாகப் பிரித்த வரைபடத்தை நில அலுவலகம் திருப்பி அனுப்பிவிட்டது. புது மனை என்றால் குடிநீர்க் குழாய்க்கும் மின்கம்பத்துக்கும் ஒரு பட்டை காலியாக விட வேண்டுமாம். அப்படி விடாமல் பிரித்த மேட்டுப் பக்கத்தில் இன்றைக்கும் கழுதை வண்டியில்தான் தண்ணீர் வருகிறது.

அப்பா எனக்குக் கொடுத்தது பின்கோடி மனை. சாலை உங்கள் இருவர் பக்கம். உங்கள் நிலங்களுக்கு நடுவே குழாய் வந்தால்தான் என் வீட்டுக்குத் தண்ணீர். அஸ்திவாரம் போட்டுவிட்டேன்.

சின்னண்ணன் முதலில் முறைத்தான். "பொண்ணுக்குப் பங்கு குடுத்ததே பெருசு. இப்ப அவ குழாய்க்கும் பங்கா?" என்றான். சர்வேயர் பொறுமையானவர். "நெலம் ஒங்களுதுதாங்க. புல்லு அறுக்கலாம், ஆடு கட்டலாம். மேல கட்டடம் மட்டும் கூடாது" என்றார். பட்டையில் பாதி உன் நிலத்திலும் பாதி அவன் நிலத்திலும் வரும்படி எல்லைமேலேயே கோடு போட்டார். ஒருவழியாக அண்ணன் தலையாட்டினான். "இதுக்கு இத்தன நாளா? கழுத்துல என்ன சுளுக்கா?" என்று அண்ணி ரூகுரு கேட்டாள்.

பட்டையைச் சுத்தம் செய்து கல் ஊன்ற வேண்டும். அங்கேதான் சிக்கல். நீங்கள் இருவரும் சண்டையிட்ட வருடம் அப்பா எல்லையில் நட்ட இதோக்காப் பூச்செடி வரிசை. இப்போது வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கூலிக்கு வெட்ட வந்த கிச்சோஹி மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "பாறைய ஒடைக்கச் சொல்லு தாயி, ஒடைக்கிறேன். எல்லைப் பூவப் புடுங்குனா சாபம், புடுங்கமாட்டேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

வெறும் பூச்செடிதானே என்றார் சர்வேயர்.

அப்பாவை அடக்கம் செய்த நாளிலும் அந்தச் செடிகளுக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றீர்கள். நான்தான் இரண்டு பக்கமும் தேநீர் கொண்டுவந்தேன்.

கிச்சோஹி கீழே வைத்த மண்வெட்டியைச் சின்னண்ணன் எடுத்து ஓரமாகச் சாய்த்துவைத்தான். பிறகு, உன் பெயரைச் சொல்லாமல், "அந்தப் பக்கத்துக்காரன் வரணும். ஒரே மண்வெட்டிய ரெண்டு பேரும் புடிச்சாப் பேத்து நடலாம். அதான் மொற" என்றான்.

மறுநாள் அண்ணியிடம், "அவன் இன்னும் இரியோ மசியலுல பட்டாணியப் பொறுக்கிப் போட்டுட்டுத்தான் திங்கிறானா?" என்று கேட்டானாம்.

எனக்குத் தண்ணீர் வேண்டும். அதை மறைக்கவில்லை. தண்ணீர் மட்டுமல்ல என்பதும் உனக்குத் தெரியும். பூ உதிர்ந்தபின், ஈரம் காய்வதற்குள் பெயர்த்து நட்டால் பிழைக்கும் என்கிறார் கிச்சோஹி. விடுப்புக் கேட்டுப் பார், அண்ணா.

இன்று காலை சின்னண்ணன் மண்வெட்டியின் பிடியைக் கழற்றிவிட்டு நீளமான ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தான். இரண்டு பேர் பிடிக்கும் நீளம்.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் தங்கை,
கத்தோனி