முன்வாசல் வளைவு

அன்புள்ள இலக்கியாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்திவிடாதே. போனில் பேசினால், கூடக் கொத்துவேலை பார்த்து ஒரே அறையில் தங்கியிருக்கும் நடராசன் அண்ணன் காதில் விழும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் பழுதுபார்க்கும் இந்தச் சென்னை டவுன்ஹால் நூற்று முப்பது வருஷத்துக் கட்டடம். செங்கல்லும் சுண்ணாம்பும்தான், சிமெண்டே கிடையாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பை அரைத்து, முன்வாசல் வளைவை நான் ஒருவனே பதினெட்டு நாள் பூசினேன்.

இன்று காலை அண்ணனைப் பார்க்கச் சிந்தாமணி அண்ணி நம் அரியலூரிலிருந்து வந்தார்கள். வளைவைத் தடவிப் பார்த்து, "இது நீங்க பூசுனதாங்க?" என்று அவரிடம் கேட்டார்கள்.

"பின்னே? நான்தான்" என்றார் அண்ணன்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணி முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "அண்ணன் கை நல்ல கைங்க அண்ணி" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் கொண்டுவந்த புளிசாதத்தைப் பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன். வளைவு போனால் போகட்டும். அப்படிக் கேட்க அவருக்கு ஓர் ஆள் வந்ததே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

நீயும் ஒரு நடை வந்து போயேன். என் பழைய போர்வையும் கொஞ்சம் முந்திரியும் எடுத்து வா. இருபதாம் தேதி வெள்ளையடித்துவிடுவார்கள். அதற்குள் வந்தால் என் கைவேலை தெரியும்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இதை அண்ணி கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். அவர்களிடம் ஒன்றும் சொல்லிவிடாதே.

உன்
திருமுருகன்