தண்ணிவாசலுக்கு வெளியே ஒன்பது குச்சிகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவுக்கு முட்டிவலி மட்டுப்பட்டிருக்கிறது, எனக்குச் சர்க்கரை ஏறவில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகம் என்று போனில் கேட்டு நிம்மதி. தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். உங்கம்மா போனை ஸ்பீக்கரில் போடாமல் பேசவிடமாட்டாள், இது முதலில் உனக்குத் தெரியவேண்டிய விஷயம்.

கோட்டையில் ஒரு சாவு நடந்துவிட்டதம்மா. ஞாயிறு தவறாமல் பைனாகுலரோடு வருவாரே ரிட்டையரான தபால்காரர், சின்ன வயதில் உனக்கு நாரைக்கூடு காட்டினாரே, அவர்தான். இந்த வருஷம் ஆறு ரொம்ப இறங்கிவிட்டது. ஆற்றுப்பக்கம் திறக்கிற வடக்குத் தண்ணிவாசலுக்கு வெளியே இருக்கிற சதுப்பு மேலாகக் காய்ந்து, பார்க்கத் தரை மாதிரியே கிடந்தது. அதில் இறங்கியிருக்கிறார். மூன்றாம் நாள் படகுக்காரர் கோரைக்கு நடுவே தொப்பியைப் பார்த்துச் சத்தம் கொடுத்தார். பலகை போட்டுத்தான் தூக்க முடிந்தது, நானும் ஒரு பக்கம் பிடித்தேன். விசாரணைக்கு வந்த அதிகாரி, பறவை பார்க்கப் போய்த் தவறி விழுந்தார் என்று எழுதிக்கொண்டு போனார். ஊர் வாய் சும்மா இருக்குமா, வீட்டில் ஏதோ மனஸ்தாபம், வேண்டுமென்றே இறங்கிவிட்டார் என்று பேசுகிறார்கள். அவர் சம்சாரம் அதை நம்பிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "காலையில காப்பி ஆறிப்போச்சுன்னு சொன்னாரு, நான் சூடு பண்ணித் தரல. அதுக்காகவா போயிட்டாரு?" என்று கேட்டது. கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எதற்குப் போனார் என்று எனக்குத் தெரியும். பலகைக்குப் பக்கத்திலேயே மூங்கில் குச்சிகள் நட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி, துணியில் மையால் எண். ஐந்தடிக்கு ஒன்றாக ஆறு குச்சி நேரே, அங்கிருந்து ஒற்றை மரத்தைப் பார்த்து இடப்பக்கம் மூன்று. ஒன்பதாவதுக்குப் பிறகு குச்சி இல்லை. முப்பது அடி நேரே, அப்புறம் மரத்தைப் பார்த்துத் திரும்பணும், சேற்றுக்கடியில் கல்பாதை இருக்கிறது, முற்றுகையின்போது அதில்தான் கோட்டைப் பறைகொட்டி தப்பித்தான். இதை இந்த உலகத்தில் யார் சொன்னது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கல்பாதையும் கிடையாது, பறைகொட்டியும் கிடையாது. எங்கள் இலாகா புத்தகத்தில் இருப்பது நாலே வரி. ஆற்றைக் காவல் காக்கக் கட்டிய கோட்டை, மூன்று மாத முற்றுகை, உள்ளே இருந்தவர்கள் பசியிலும் காய்ச்சலிலும் போனார்கள், கதவைத் திறந்தபோது உயிரோடு ஒருவரும் இல்லை. உனக்கு ஆறு வயதில் அதைச் சொன்னேன். "ஒருத்தர்கூட தப்பிக்கலையாப்பா?" என்று சாப்பிடாமல் அழுதாய். பொறுக்காமல் ஒருத்தனைத் தப்பிக்கவைத்தேன். அடியும் திருப்பமும் மரமும் நான் வைத்ததுதான். அப்புறம் கோட்டையைச் சுற்றிக்காட்டும்போது வருகிறவர்களுக்கும் சொல்ல ஆரம்பித்தேன். முற்றுகைச் சாவுகளைக் கேட்டுக் கோட்டைக் கிணற்றங்கரையில் முகம் வாடி நிற்பவர்கள் தண்ணிவாசலுக்கு வந்து அதைக் கேட்டதும் சிரித்துவிட்டுப் போவார்கள். முப்பது வருஷம் சொன்னேன், கடைசியில் நானே பாதி நம்பினேன். தபால்காரர் முழுசாக நம்பிவிட்டார். வாழ்நாளெல்லாம் முகவரி எழுதியபடி போனால் வீடு இருக்கும் என்று நடந்த மனுஷன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், திட்டாதே, திட்டினாலும் சரி. அதிகாரி வருவதற்கு முன்பே, பலகையை எடுக்கிற சாக்கில் அந்த ஒன்பது குச்சியையும் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து விறகுக்குப் பின்னால் ஒளித்தேன். உங்கம்மா கண்ணுக்கு எது தப்பும், எடுத்து அவரைக்கொடிக்கு ஊன்றிவிட்டாள். துணியை ஏன் அவிழ்க்கணும், குருவி பயப்படும் என்று அப்படியே விட்டிருக்கிறாள். பத்து நாளாகப் பல் விளக்கப் போனால் அவர் கையெழுத்தில் ஏழு, எட்டு, ஒன்பது என்று ஆடுகிறது. கொடி பிஞ்சுகூட வைத்துவிட்டது.

இன்று காலை எல்லாவற்றையும் பிடுங்கிக் கட்டிவைத்துவிட்டேன். கொடி சாய்ந்துபோச்சே, புத்தி கெட்டுப்போச்சா என்று உள்ளே கத்திக்கொண்டிருக்கிறாள். முதலில் அவளிடம் சொல்லிவிட்டு, தபால்காரர் வீட்டுக்குப் போவேன். காப்பிக்காகப் போகவில்லை தாயே, என் பேச்சைக் கேட்டுப் போனார் என்று அந்த அம்மாளிடம் சொல்லவேண்டும். அங்கிருந்து நேரே அதிகாரியிடம். வேலை போகும், அதற்கு மேலும் வரலாம். நீ பதறிக்கொண்டு டிக்கெட் போடாதே. ராத்திரி அம்மாவிடம் மட்டும் கொஞ்ச நேரம் பேசு.

போன வாரம் பேரன் போனில், லீவுக்கு வந்ததும் தாத்தாவோடு அந்தப் பாதையில் நடக்கணும், எத்தனை அடின்னு எனக்குத் தெரியும் என்று எண்ணிக்காட்டினான். ஒரு அடிகூடத் தப்பவில்லை. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே அவனை உட்காரவைத்துச் சொல்லிவிடு, ஒருத்தரும் தப்பிக்கவில்லை என்று. அழுவான். அழட்டும். நீ அழுதபோது நானும் விட்டிருக்கவேண்டும்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். மறக்காமல் அன்றைக்கே சொல்லிவிடு.

என்றும் உன் நல்லதையே நினைக்கும்
அப்பா